கட்டிலில் கிடந்தபடி சொன்ன பதில்

எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்திலிருந்து யாரும் தப்பிக்க முடியாது. காய்ச்சல் என்றால் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காரலாம், அவ்வளவுதான் சலுகை. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். பகலெல்லாம் சரிவில் நின்று தொண்டை கிழியக் கத்தி வேலை வாங்கிவிட்டு, விறைத்துப்போன காலோடு வீடு வந்து சேர்ந்தால், என் மனைவி மாதா சொரூபத்தின் முன்னால் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு தயாராக இருப்பாள். "ஏனுங்க, சுடுதண்ணி அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வந்து மண்டி போடுங்க" என்பாள். மறுபேச்சுக் கிடையாது. எஸ்டேட்டில் எழுபது எண்பது பேரை அதட்டுகிற ஆள் வீட்டில் பூனையாக வந்து மண்டி போடுவேன்.

எனக்கு ஜெபமாலை சொல்லவே தெரியாது என்பது என் மகளின் கட்சி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அருள் நிறைந்த மரியே சொல்லுவேனாம். உண்மைதான். வயிறு பசிக்கிறது என்று மாதாவுக்குத் தெரியாதா என்ன? நான் வேகமெடுத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். உதட்டைக் கடிப்பாள், மூச்சைப் பிடிப்பாள், அப்புறம் தோள் குலுங்க ஆரம்பிக்கும். கோவிலில் பூசை நேரத்தில் சிரித்து, ஃபாதரே கையைக் காட்டி வெளியே போகச் சொன்ன பெண் அவள். எங்களுக்கு அவள் ஒற்றைப் பிள்ளை.

ஜெபமாலை முடிந்ததும் மன்றாட்டு. மனதில் இருப்பதை ஆளாளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் நடக்கும். "சேறு அப்பின காலோட ஊட்டுக்குள்ள வர்றவங்களுக்கு நல்ல புத்தி குடும் ஆண்டவரே" என்று என் மனைவி தொடங்குவாள். "பைக் சாவிய ஒளிச்சு வெக்கிறவங்க மனசு எளகணும் ஆண்டவரே" என்று மகள் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். அவளுக்கு வண்டிப் பைத்தியம். எஸ்டேட் ஜீப்பை ரிவர்ஸ் எடுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ப்ளஸ் டூ முடித்ததும் சேலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். யார் என்ன கேட்டாலும் மற்ற இரண்டு பேரும் கேட்டருளும் சொல்லிவிடுவோம். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்லும்.

அவள் ப்ளஸ் ஒன் படித்த வருஷம், பழம் பறிக்கிற சமயத்தில், சரிவில் ஏறும்போது நெஞ்சை ஏதோ பிடித்தது. வாயு என்றேன். இஞ்சித் தண்ணி குடித்தேன், சோடா குடித்தேன், சோடா வாங்கி வந்தவனைத் திட்டினேன். வேர்வை நிற்கவில்லை. எஸ்டேட் ஜீப்பிலேயே படுக்கவைத்து மலையிறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அடிவாரம் வந்தபோது, சரி, இன்னும் கொஞ்சம் இருக்கிறோம் என்று நினைத்தேன்.

சேலத்து டாக்டர் மூன்று அடைப்பு என்றார். நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், ஆனால் சளி கட்டியிருக்கிறது, அது தெளிந்தால்தான் ஆபரேஷன் என்றார். கீழேயே இருங்கள் என்று அவர் சொல்ல, என் வீட்டுக் கட்டிலில்தான் படுப்பேன் என்று நான் சண்டை போட்டு மலையேறி வந்தேன். நடக்கக் கூடாது, குனியக் கூடாது, கோபப்படக் கூடாது, கத்தக் கூடாது. கத்தாமல் எப்படி இருப்பது என்று கேட்டேன், அதையும் கத்தித்தான் கேட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் அன்பியத்துக் குடும்பங்கள், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுக்காரர்கள், சாயங்காலம் ஆனால் எனக்காக ஜெபிக்க எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். மழையானாலும் வந்தார்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச் லைட்டோடு. முன்னறையில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் மண்டி போட்டார்கள். நான் உள்ளறையில் கட்டிலில் கிடந்தேன். நடுவில் ஒரு திரைதான். நல்ல மனிதர்கள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் சிலர் ஜெபித்த ஜெபத்தைக் கேட்டபோது நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. "அவரை உம் கரத்தில் ஒப்படைக்கிறோம்" என்றார் ஒருவர். அடப் பாவி, ஒப்படைக்காதே, இங்கேயே இருக்கட்டும் என்று மனதுக்குள் அலறினேன்.

சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாகப் பயம். கொஞ்சநஞ்சப் பயமில்லை. விசுவாசம், மோட்சம், நித்திய வாழ்வு எல்லாம் சின்ன வயதிலிருந்து படித்ததுதான். கட்டிலில் கிடந்தபோது அதெல்லாம் ஒரு பக்கம் கிடந்தது, பயம் மட்டும் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிழைக்க வேண்டும். எதைக் கொடுத்தாவது பிழைக்க வேண்டும். இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஆபரேஷனுக்குக் கீழே போவதற்கு முந்தின சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். மன்றாட்டு வரிசையாக வந்தது. என் மனைவியின் முறை வந்தபோது அவளால் பேச முடியவில்லை, அழுதாள். அடுத்தது மகள். எப்போதும் வேடிக்கையாக எதையாவது சொல்கிற பெண். அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆண்டவரே, எங்கப்பா பொழைச்சு வந்தா நான் மடத்துக்குப் போயிடறேன். சிஸ்டராயிடறேன். அப்பாவ விட்டுட்டு என்னைய எடுத்துக்கும்."

முன்னறையில் சத்தமே இல்லை. பதில் வரவேண்டிய இடம் அது. எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. பதினாறு வயதுப் பிள்ளை பயத்தில் உளறுகிறது என்று எனக்குத் தெரியும். ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவன் நான். "ஏய், என்ன பேச்சுப் பேசற? வாய மூடு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். மலைச் சரிவின் அந்தக் கோடிக்குக் கேட்கிற தொண்டை எனக்கு.

நான் சத்தம் போடவில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாய் இல்லை, நான்தான் சொன்னேன். பிள்ளை சொன்ன விலையைக் கேட்டதும் நெஞ்சின்மேல் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் ஆண்டவர் என்னை விட்டுவிடுவார் என்று நம்பினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் காயம் ஆறி நான் கோவிலுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். "உங்க பொண்ணு வேண்டுதல்தானுங்க உங்களக் கொண்டாந்து நிறுத்தியிருக்குது" என்றார்கள். மகள் பக்கத்திலேயே நின்றாள். அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் இப்போது தலையில் கைவைத்துச் சிலுவை போட்டார்கள். கோவில் ஃபாதர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவசரம் ஒண்ணுமில்லைங்க, படிப்பு முடியட்டும், அவளுக்கே ஆண்டவரோட அழைத்தல் இருக்குதான்னு பாக்கலாம்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. கொடுத்த வாக்கை மாற்றினால் அடி யார்மேல் விழும்? அவருக்கென்ன, அவர் நெஞ்சிலா தையல் இருக்கிறது?

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நானும் என் மனைவியும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம், உண்மையும்கூட. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் மன்றாட்டில் என் மனைவி, "எங்க மகளோட தேவ அழைத்தல உறுதிப்படுத்தும் ஆண்டவரே" என்பாள். நான் கேட்டருளும் சொல்லுவேன். மகளும் மண்டி போட்டபடி, தனக்கு எதிராகத் தானே, கேட்டருளும் சொல்லுவாள். டிப்ளமோ பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஜெபத்தில் நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவள் சிரிக்கவில்லை.

ப்ளஸ் டூ முடிந்ததும் நானே கொண்டுபோய் விட்டேன். கீழே சமவெளியில், பஸ்ஸில் பாதி நாள் தூரத்தில் இருந்தது மடம். வரவேற்பறையில் மடத்துத் தலைவியான மதர் அவளிடம், "உனக்கு முழு விருப்பம்தானே, கண்ணு? வீட்டுல யாரும் சொல்லலியே?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தேன். வெண்டைக்காய் போட்டிருந்தார்கள், நன்றாகக் காய்த்திருந்தது. "விருப்பம்தானுங்க மதர்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

வருஷங்கள் போயின. விடுமுறைக்கு வருவாள். மெதுவாகப் பேசுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், ஜீப் பக்கம் போகமாட்டாள். "எவ்வளவு பக்குவமாயிட்டா பாத்தீங்களா" என்று என் மனைவி பூரித்தாள். நானும் தலையை ஆட்டினேன். பிள்ளையை உருக்குலைத்துவிட்டுப் பக்குவம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

சென்ற வருஷம் அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிற நேரம். அடுத்தது முதல் வார்த்தைப்பாடு. பீடத்தின் முன்னால் நின்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுப்பது. அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு மத்தியானம் போன் வந்தது. நான் காப்பிக் களத்தில் நின்றிருந்தேன்.

"அப்பா, இப்ப நெஞ்சு வலி கிலி வருதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. கல்லு மாதிரி இருக்கறேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அப்பா, நான் திரும்பி வந்துட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதில்லீங்க?" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று அந்த நிமிஷமே புரிந்தது. இத்தனை வருஷமும் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பதும் புரிந்தது. அப்போதும் என் கை எங்கே போயிற்று தெரியுமா? சட்டைக்குள், தையல் தழும்புக்கு. மகள் அழுகிறாள், நான் என் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறேன். தூ! "நீ எதையும் கொழப்பிக்காத கண்ணு. நல்லா ஜெபம் பண்ணு. எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மன்றாட்டில் என் மனைவி வழக்கம்போலத் தொடங்கினாள். "எங்க மக வார்த்தைப்பாட்டுக்குத் தடங்கல் எதுவும் வரக்கூடாது ஆண்டவரே." நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. "ஏனுங்க?" என்று திரும்பினாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். போனில் வந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "சாமிக்குன்னு குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். "ஆனா ஆவட்டும்டி" என்று கத்தினேன். "அவ ஒண்ணும் சாமிக்குக் குடுக்கல, எனக்குக் குடுத்தா. நான் வாங்கிக்கிட்டேன்." அவள் எட்டி மெழுகுவத்தியில் வழிந்த மெழுகைச் சுரண்டினாள். அப்புறம் சொன்னாள். "அன்னைக்கு என்னைய எடுத்துக்கும்னு சொல்லத்தான் நெனச்சேனுங்க. அழுகையில பேச்சு வரல. அவ முந்திக்கிட்டா." கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் தேற்றவில்லை, எனக்குத் தேற்றத் தெரியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினேன். மடத்தில் மதரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ மனசுல என்னமோ இருக்குதுன்னு எங்களுக்கும் தெரிஞ்சுது, என்னன்னுதான் தெரியல" என்றார். "பயத்துல சொன்ன வார்த்தைக்கு ஆண்டவர் கணக்கு வெக்கிறவரு இல்லைங்க. இதை நீங்க அவளக் கொண்டாந்து விட்ட அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்." கோபமே இல்லாமல் சொன்னார். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மகள் வந்து நின்றதும் நான், "வா கண்ணு, நம்மூட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தீங்களாப்பா?" என்பதுதான். போயிட்டு வந்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு மட்டும் எனக்கு வருத்தம் கிடையாது.

ஏற்காடு வந்து, நாகலூர் பஸ் பிடித்து இறங்கும்போது சாயங்காலமாகிவிட்டது. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மேடு ஏற வேண்டும். அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன். வேண்டாமென்றாள், கேட்கவில்லை. அப்பன் எவ்வளவு திடமாக இருக்கிறான் என்று காட்ட வேண்டுமே. பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. வெறும் மூச்சுதான், இந்த வயதில் பெட்டி தூக்கினால் எவனுக்கும் வாங்கும். பெட்டியை இறக்கிவிட்டு வழியோரக் கல்லில் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "போயிடறேன் ஆண்டவரே, நான் திரும்பிப் போயிடறேன், போயிடறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"கண்ணு, அன்னைக்குச் சாயங்காலம் நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் தூங்கல. உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். எல்லாரோடயும் சேர்ந்து நானும் கேட்டருளும்னு சொன்னேன். எம்மேலதான் தப்பு சாமி, உம்மேல ஒண்ணுமில்ல."

அவள் முணுமுணுப்பது நின்றது. என்னைப் பார்க்காமல், கீழே ரோட்டில் பஸ் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரோடயும் சேர்ந்து இல்லீங்கப்பா. அவங்க ஆரும் வாயத் தொறக்கல. நீங்க சத்தம் போட்டு வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நான் கண்ண மூடிட்டுக் காத்துட்டிருந்தேன். நீங்கதான் மொதல்ல சொன்னீங்க."